குட்டி ஜீப்பின் இரண்டாவது கம்பி

என் வீட்டுக்காரர் சிங்காரத்துக்குப் பேச்சு குறைவு. அந்தக் குறையை நான் ஒருத்தியே ஈடுகட்டிவிடுகிறேன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். பேச வேண்டியதை வயிற்றில் வைத்துப் பூட்டிக்கொண்டு என்னால் இருக்க முடியாது. ஆனால் எண்பத்தைந்தாம் வருடம் பன்னிரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருடம் ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் தானா ராத்தா பாடாங் மைதானத்தில் பழைய வண்டிகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள் என்று ஜனவரியிலேயே சேதி வந்துவிட்டது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் தங்கள் வண்டியைத் துடைத்து மினுக்கிக்கொண்டு மலையேறி வருவார்களாம். கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் போடும் சிவசாமி அண்ணனுக்கு அதைக் கேட்டதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. அவருக்குப் பழைய வண்டிப் பைத்தியம். எங்கள் தோட்டத்துப் பேக்டரியில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருக்கும் நல்லுசாமிக்கும் அதே பைத்தியம், கொஞ்சம் முற்றிய நிலை. இரண்டு பேரும் சேர்ந்து புது மானேஜரிடம் போய்ப் பேக்டரிக்குப் பின்னால் பழைய சாமான் கொட்டகையில் கிடந்த குட்டி ஜீப்பைக் கேட்டார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், ஓட வைத்தால் தோட்டத்தின் பெயரிலேயே கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

குட்டி ஜீப் என்பது நாங்கள் வைத்த பெயர். வண்டியின் பெயர் கிராஸ்லி. ஐம்பத்தொன்றில் அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்தது. முகம் ஜீப்பின் முகம்தான். ஆனால் மூக்கு என் இடுப்பு உயரம், நீளம் ஒரு கட்டிலைவிடக் கொஞ்சம் கூடுதல். முதன்முதலில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அதே ஆட்கள், இரண்டு பீப்பாய்த் தண்ணீரை முதுகில் வைத்துக்கொண்டு லாரி ஏறாத தேயிலைச் சரிவில் அது ஏறுவதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்துவார்கள். பின்னால் பம்பை மாட்டினால் மருந்து அடிக்கலாம், கலப்பையை மாட்டினால் உழலாம். இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு பலத்தை எப்படி அடைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

அதை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். எழுபதாம் வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை வேளை, ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு மருந்து டின் எடுக்க ஸ்டோருக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக உருண்டது. கீழே கல்லில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ராமையா கங்காணியின் முழங்காலை நசுக்கிவிட்டுத் தண்ணீர் ஓடும் கானில் போய்க் கவிழ்ந்தது. மருந்தடிக் கும்பலில் நானும் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த வண்டியின் ஹேண்ட்பிரேக் மழைக்காலத்தில் பிடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். கியரில் இருந்தால் வண்டி நகராது. வண்டி நகர்ந்தது, ஆகவே சிங்காரம் கியர் போட மறந்துவிட்டார் என்று துரை முடிவு கட்டினார். கவிழ்ந்ததில் கியர்க் கம்பி அடியோடு ஒடிந்துபோனதால் எதில் இருந்தது என்று பார்க்கவும் வழியில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் வண்டியை அப்படியே தூக்கி லாரியில் போட்டுக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார்கள். கியர் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று என் வீட்டுக்காரர் ஆபீஸ் கிராணியிடம் மூன்று தடவை கேட்டார். எதுக்குப்பா, செத்த வண்டி என்று விட்டார்கள்.

அதோடு அவருக்கு டிரைவர் வேலை போய்க் கையில் கவாத்துக் கத்தி வந்தது. பதினைந்து வருடம். ராமையா கங்காணி கோயிலில் எதிரில் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. கேட்டால், "கியர் போட்டிருந்தேன்," என்பார். அவ்வளவுதான்.

நான் நம்பவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நம்பவில்லை. போதாததற்குக் குத்திக்காட்டவும் செய்தேன். "அடுப்ப அணைச்சியா ருக்கு," என்று அவர் கேட்டால், "கியர் போட மறக்கிற ஆளா நானு," என்பேன். சட்டென்று வந்துவிடும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பிறகு எனக்கே கஷ்டமாக இருக்கும், அடுத்த வாரம் மறுபடியும் சொல்வேன்.

நல்லுசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, அந்த வண்டிய ஓட்டுன ஆளு இப்ப நீங்க ஒருத்தருதான். வந்து கை குடுங்கலா."

அவர் வெகு நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "வர்றேன். ஆனா கியர் பாக்ஸ மட்டும் இப்ப யாரும் தொடக்கூடாது. எல்லாரும் நிக்கிறப்பத் தொறக்கணும். ராமையா கங்காணி வந்து கண்ணால பாக்கணும். நான் கை வைக்க மாட்டேன், தள்ளித்தான் நிப்பேன்."

நல்லுசாமிக்குப் புரிந்துவிட்டது. கம்பி ஒடிந்ததே தவிர, பெட்டிக்குள் பல்சக்கரங்களை அதன்பிறகு யாரும் அசைக்கவில்லை. அன்று காலை அவர் கை எந்தக் கியரில் விட்டதோ அந்தக் கியரில்தான் உள்ளே நிற்கும்.

நல்லுசாமி போனதும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "எதுக்கு இந்த வேண்டாத வேல? தொறந்து, உள்ள கியரே விழாம இருந்திச்சின்னா? இப்பவாவது ஏதோ சொல்லிக்கிட்டு இருக்கீங்க. அப்பறம் அதும் போச்சு."

"விழுந்திருக்கும்," என்றார்.

ஞாயிறுதோறும் வேலை நடந்தது. சிவசாமி அண்ணன், அமெரிக்காவில் இந்த வண்டி வைத்திருப்பவர்கள் நடத்தும் ஒரு சங்கத்துக்குத் தெரிந்த இங்கிலீசில் கடிதம் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே கேஸ்கெட்டுகளும் ஒரு கடிதமும். உங்கள் பக்கத்து மலைகளில் இதில் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் சங்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம் என்று ஒரு கிழவர் எழுதியிருந்தார். சிவசாமி அண்ணன் அதை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொந்தப் பேரன் பிறந்தபோதுகூட அந்த மனிதர் அழவில்லை.

அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நானும் கொட்டகைக்குப் போவேன். ஒருநாள் நல்லுசாமி இன்ஜினைத் தனி ஆளாக மார்போடு அணைத்து வெளியே தூக்கி வைத்தான். லாரி இன்ஜினுக்குச் சங்கிலி போட்டு இழுப்பதைப் பார்த்த கண்ணுக்கு அதை நம்ப முடியவில்லை. நாலு பிஸ்டன், ஒவ்வொன்றும் பால் டின்னுக்குள் அடங்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக வைத்திருந்தார்கள். அந்த நாலும்தான் இரண்டு பீப்பாய்த் தண்ணீரை மலைமேல் ஏற்றியது என்று நினைத்தபோது கை தானாகக் கும்பிடப் போனது. "தொட்டுப் பாருங்கக்கா, ஒன்னும் செய்யாது," என்றான் நல்லுசாமி. தொட்டேன். வழுவழுவென்று குளிர்ந்திருந்தது.

எல்லா வேலையும் முடிந்து கியர் பெட்டி மட்டும் பாக்கி. ராமையா கங்காணி வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். சிவசாமி அண்ணன் நாலு தடவை நடந்த பிறகு, கண்காட்சிக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போதுதான் கங்காணி சம்மதித்தார். மறுநாள் காலை பேக்டரி முற்றத்தில் பாதி லயம் கூடிவிட்டது. கங்காணி ஊன்றுகோலோடு வந்து யாரையும் பார்க்காமல் நின்றார். என் வீட்டுக்காரர் சொன்னதுபோலவே பத்தடி தள்ளித் தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கத் தைரியமில்லை.

எங்கள் பேக்டரியில் எந்த மிஷினைத் திறந்தாலும் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் திறப்பார்கள். நல்லுசாமி அதைச் செய்துவிட்டு மூடியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். மூடி ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தான். உள்ளே எண்ணெய் கருப்பட்டிப் பாகாட்டம் கெட்டியாகக் கிடந்தது. துணியால் வழித்தெடுத்துவிட்டு டார்ச் அடித்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"கங்காணியாரே, வந்து பாருங்க. ஒன்னாம் நம்பர்ல இருக்கு."

ராமையா கங்காணி குனிந்து பார்த்தார். அவருக்குப் பிறகு சிவசாமி அண்ணன், அவருக்குப் பிறகு நான். ஒரு சக்கரத்தின் பல்லுக்குள் இன்னொரு சக்கரத்தின் பல் பொருந்தி உட்கார்ந்திருந்தது. எண்ணெய்க்கு அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பதினைந்து வருடம் வெளியே மழை பெய்தது, மூன்று மானேஜர் மாறினார்கள், எனக்கு இரண்டு பிள்ளை பிறந்தது. அந்தக் காலையில் இவர் கை ஒரு தடவை தள்ளியதை இந்த இரும்பு அப்படியே பிடித்து வைத்திருந்திருக்கிறது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் நின்றோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து கை கழுவினார். அவர் எதையும் தொடவே இல்லை. ஆனாலும் வெகு நேரம் கழுவினார்.

கங்காணிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்பறம் எப்படிடா உருண்டுச்சு?"

நல்லுசாமி பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த இன்னொரு சின்னப் பெட்டியின் மூடியையும் எடுத்தான். அந்த வண்டிக்குக் கியர்க் கம்பி இரண்டு; கவிழ்ந்ததில் இரண்டும் ஒடிந்திருந்தன. டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்தா இருக்கு வெனை. இந்த ரெண்டாவது கம்பி நடுவுல நிக்கிது. மேல தள்ளுனா வேகம், கீழ தள்ளுனா நிதானம். நடுவுல நின்னா, முன்னாடி எந்தக் கியரப் போட்டாலும் சக்கரத்துக்குப் போகாதுலா. பம்புக்கு மட்டுந்தான் போகும். அண்ணன் எறங்குன பெறகு யாரோ இதத் தள்ளியிருக்காங்க."

"நான் அதத் தொடல," என்றார் அவர், குழாயடியிலிருந்து.

அதைத் தொட்டது நான்.

அதை நாங்கள் பம்புக் கம்பி என்றுதான் சொல்வோம். டிரைவர் அதை நடுவில் தள்ளிவிட்டு இன்ஜினை முடுக்கினால் பம்பு ஓடும், மருந்து வரும். தண்ணீர்க் குழாயைத் திறந்து விடுவது மாதிரி ஒரு சங்கதி என்றுதான் நாங்கள் அத்தனை பெண்களும் நினைத்திருந்தோம். அதற்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வண்டி உருண்டதற்கு முந்தின நாள் இவர் மெத்தனமாக இருக்கிறார் என்று கங்காணி எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. இவர் டின்னோடு வந்ததும் முடுக்கிவிட வேண்டியதுதான் பாக்கி, ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, அன்று ஒரே ஒரு நாள், நான் ஏறி அந்தக் கம்பியை நடுவில் தள்ளி வைத்தேன். பிறகு மருந்து டியூப்பை விரிக்கப் போய்விட்டேன். தள்ளியதை நான் மறக்கவே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவும் இல்லை.

புருசனுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு, பதினைந்து வருடம் அவரையே குத்திக்கொண்டும் இருந்திருக்கிறேன். அன்று அந்த முற்றத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

வாய் வராமல் போனதற்குப் பலன் வேறொருத்தி தலையில் விடிந்தது. அந்த மருந்தடிக் கும்பலில் எதையாவது தொட்டுக்கொண்டே இருப்பவள் என்று பெயரெடுத்தவள் பக்கத்து வீட்டுச் செல்லம். அவளாகத்தான் இருக்கும் என்று மறுநாள் காலை ஆள் கூட்டும் பெரட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. செல்லம் என்னிடம் வந்து, "ருக்கு, தொட்ட மாதிரி எனக்கு ஞாபகமே இல்லடி. ஆனா எல்லாரும் சொல்றாங்க. தொட்டிருப்பேனோ," என்று அழுதாள். நான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. என் நாக்கு அப்போதே அழுகிப்போயிருக்க வேண்டும்.

கம்பிகளை ஒட்டவைத்து, புது எண்ணெய் ஊற்றி, ஆறாம் நாள் வண்டியை முடுக்கினார்கள். தையல் மிஷினை வேகமாக மிதித்தால் வரும் சத்தம், அதைவிடச் சுருதி கூட. என் வீட்டுக்காரர் அதை அதே ஒன்பதாம் நம்பர் சரிவுக்குக் கொண்டுபோனார். கீழே எல்லாரும் நின்று அண்ணாந்து பார்த்தோம். பச்சைத் தேயிலைக்கு நடுவே, பச்சை பெயின்ட் அடித்த அந்தச் சின்ன உருவம் ஒரு இடத்திலும் திணறாமல் ஏறி ஏறிப் பனிக்குள் போனது. சத்தம் மட்டும் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையோடு நின்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். சிவசாமி அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

வீட்டில் அவர் என்னைப் பார்த்தார். "ஒடம்பு சரியில்லயா ருக்கு? சத்தத்தயே காணோம்," என்றார். தலைவலி என்றேன்.

கண்காட்சியன்று தானா ராத்தா பாடாங்கில் கால் வைக்க இடமில்லை. முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பளபளக்கும் பெரிய பெரிய கெரெத்தாக்கள். அவற்றின் பக்கத்தில் எங்கள் வண்டி, யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுப்போன மாதிரி நின்றது. ஒவ்வொரு வண்டியும் பாடாங்கை ஒரு சுற்று வர வேண்டும். எங்கள் முறை வந்தபோது ராமையா கங்காணி ஊன்றுகோலைச் சிவசாமி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தானாகவே போய் என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் தோள் இடித்தது. வண்டி புறப்பட்டதும் கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு பாடாங் ஓரத்து மேட்டில் அது நேராக ஏறி இறங்கியது. அத்தனை கூட்டமும் அமைதியாகி, அப்புறம் கைதட்டியது. நிறுத்தக் காணோம்.

சுற்று முடிந்து வந்து நின்றதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். பினாங்கிலிருந்து வந்த ஒரு சீனப் பெரியவர் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து வண்டியின் அடியைப் பார்த்தார். பிறகு எழுந்து, இந்த இரண்டாவது கம்பி எதற்கு என்று மலாயில் கேட்டார்.

கங்காணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. கீழே இறங்கி ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, மலாயும் தமிழுமாகக் கதை முழுதையும் சொன்னார். "சிங்காரம் மேல ஒரு தப்பும் இல்ல. பதினஞ்சு வருசம் அந்த மனுசன நான் தப்பா நெனச்சிட்டேன். இந்தக் கம்பியத் தள்ளுனது," என்று ஊன்றுகோலை நீட்டினார், "அந்தா நிக்கிதே, அந்தப் பொம்பள."

எல்லாரும் செல்லத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். மறுக்கக்கூட இல்லை.

"அது செல்லம் இல்ல," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ என்று இருந்தது. "நாந்தான். அவருக்கு ஒரு வேல மிச்சமாகட்டும்னு தள்ளி வச்சேன். பம்புக்குன்னு நெனச்சேன். சக்கரத்தயும் விட்டுடும்னு எனக்குத் தெரியாது. அன்னிக்குப் பொட்டியத் தொறந்தப்பத்தான் தெரிஞ்சிச்சு. தெரிஞ்சும் பன்னெண்டு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

கங்காணியின் ஊன்றுகோல் மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், வண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். செல்லம் அழத் தொடங்கினாள். நல்லுசாமி கையிலிருந்த துணியை மடித்து மடித்து வைத்தான்.

என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை ஒருநாளும் அடித்தவர் இல்லை, ஆனால் அன்று அடித்தால் நியாயம் என்று நின்றேன்.

"தொர நம்பலன்னப்ப எனக்கு ஒன்னும் தோணல," என்றார். "கங்காணி நம்பல, ஊரு நம்பல. சரி, போவட்டும்னு இருந்துட்டேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீ நம்பல ருக்கு. அதத்தான் என்னால தாங்க முடியல. நான் கியர் போட்டேன்னு இப்பவாச்சும் நம்புறியா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு."

"நம்புறேங்க," என்றேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் மறுபடியும், கங்காணிக்கும் செல்லத்துக்கும் அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.